மூசி என்றொரு ஆறு

காச்சிகுடாவில் ரயில் ஏறி ஊருக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரும் அந்த ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். வண்டி கிளம்பி, பெட்டியையெல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளி முடிப்பதற்குள், மலக்பேட் வருவதற்கு முன்னால் ஒரு பாலம் வரும். யாராவது ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இறக்கி விடுவார். பிறகு எல்லோரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து விடுவோம். அதுதான் மூசி.

ஹைதராபாத் ஒரு ஆற்றங்கரை ஊர் என்று இங்கே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். என்னோடு வேலை பார்க்கிறவர், பரம்பரையாகப் பழைய நகரத்துக்காரர், "அது நாலா சார், நதி என்று யார் சொன்னது?" என்று கேட்டார். நாலா என்றால் இந்த ஊரில் சாக்கடைக் கால்வாய்.

நான் திருநெல்வேலிக்காரன். எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். எங்கள் ஊரில் ஆறு என்பது பார்க்கப் போகிற இடம் கிடையாது. பொழுது விடிந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போகிற இடம். மாதாந்திரத் தர்ப்பணமும் அங்கேதான், நீச்சல் கற்றுக்கொண்டதும் அங்கேதான், பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் வரும் பக்கத்து மதிலைப் படகின் முனை மாதிரிக் கூராகக் கட்டி வைத்திருக்கிறார்கள், வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போகட்டும் என்று. வெள்ளம் ஏறினால் உற்சவரைக் கரையில் இருக்கிற மேலக்கோவிலுக்கு எடுத்துக்கொண்டு வந்து விடுவார்கள். வடிந்ததும் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். சாமியே ஆறு வந்தால் ஒதுங்கி இடம் கொடுக்கிற ஊர். 1992 நவம்பர் வெள்ளத்தில் நான் சின்னப் பையன். தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வந்தது என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு நடுத்தர அளவு ஆற்றங்கரை ஊரில் இருப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். ஆறு எதுவரைக்கும் வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. (பி.காம் படித்தவன், கணக்கு இல்லாமல் எழுத வராது.) 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சுற்றுவட்டத்தையும் சேர்த்து ஹைதராபாத்தின் மக்கள்தொகை சுமார் 4.48 லட்சம். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.7 லட்சம். அந்தக் காலத்தில் ஹைதராபாத் நாட்டிலேயே நான்காவது பெரிய நகரம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் தலைகளை எண்ணினால் அது ஏறக்குறைய எங்கள் நெல்லை அளவுதான். அந்த ஹைதராபாத்துக்கு மூசியைத் தெரிந்திருந்தது. ஊர் பிறந்ததே அந்த ஆற்றால்தான்.

கோல்கொண்டா கோட்டைக்குள் இட நெருக்கடி, தண்ணீர்த் தட்டுப்பாடு. கிழக்கே, ஆற்றுக்குத் தெற்கே நல்ல சமவெளி. 1578 இல் இப்ராஹிம் குலி குதுப் ஷா மூசி மீது 22 வளைவுகளோடு ஒரு கல்பாலம் கட்டினார். அதுதான் புரானா புல், பழைய பாலம். அப்புறம் 13 வருஷம் கழித்து 1591 இல்தான் அவர் மகன் முகம்மது குலி சார்மினாரையும் நகரத்தையும் எழுப்பினார். அதாவது பாலம் முதலில், ஊர் பிறகு. பாக்மதி என்ற பெண்ணைப் பார்க்க இளவரசர் வெள்ளத்தில் குதிரையை இறக்கினார், பதறிப்போன அப்பா பாலம் கட்டிக் கொடுத்தார் என்று ஒரு காதல் கதை உண்டு. எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் கண் கலங்கச் சொல்வார். பாலம் கட்டிய வருஷம் இளவரசருக்கு 12, 13 வயதுதான் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பதினேழாம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவர்னியே, இந்தப் பாலத்தைப் பாரிஸ் நகரத்தின் பான் நெஃப் பாலத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

(எங்கள் ஊரிலும் ஒரு பாலம் உண்டு. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி 1843 இல் திறந்தது. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் ஒட்டவைத்த பாலம். ஆற்றங்கரை ஊர்க்காரனுக்குப் பாலம் என்றால் ஒரு சபலம், மன்னிக்கவும்.)

இனி 1908.

மூசி விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலையில் பிறந்து மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. நகரத்துக்குச் சற்று முன்னால் லங்கர் ஹவுஸ் பக்கத்தில் ஈசி என்கிற இன்னொரு ஆறு அதில் சேர்கிறது. இந்த இரண்டு ஆறுகளின் மேல்படுகையில் அப்போது 800 குளங்கள் வரை இருந்தன. நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், குளத்துக்குக் குளம் மறுகால் வழியாகத் தண்ணீர் இறங்குகிற சங்கிலிதான். சாதாரண வருஷத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மேலே ஒரு குளம் உடைந்தால் மட்டும் அதன் தண்ணீர் கீழ்க் குளத்தில் மொத்தமாக வந்து விழும், அது உடையும், அடுத்தது உடையும்.

செப்டம்பர் கடைசியில் பேய் மழை. ஷம்ஷாபாத் பக்கம் (இன்றைக்கு விமான நிலையம் இருக்கிற அதே ஷம்ஷாபாத்) 24 மணி நேரத்தில் 12 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. இருநூறுக்கும் மேற்பட்ட குளங்கள் உடைந்தன. செப்டம்பர் 28, திங்கட்கிழமை, அதிகாலையிலேயே மூசி ஊருக்குள் வந்துவிட்டது. உச்சத்தில் ஆற்றில் போன தண்ணீர் விநாடிக்கு 4 லட்சம் கன அடிக்கும் அதிகம் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அஃப்சல்கஞ்ச், கோல்சாவாடி, கான்சி பஜார் எல்லாம் போயிற்று. மற்ற பாலங்கள் சேதமாக, 1578 இல் கட்டிய கிழவன் புரானா புல் மட்டும் நின்றது. இறந்தவர்கள் 15 ஆயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 80 ஆயிரம் பேருக்கு வீடு இல்லை.

எண்கள் இப்படித்தான், படித்துவிட்டுப் போய்விடுவோம். ஒரு ஆளைச் சொல்கிறேன். அம்ஜத் ஹைதராபாதி, உருதுக் கவிஞர். அம்மா, மனைவி, பெண் குழந்தை மூன்று பேரையும் கண்ணெதிரே ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு அவர் ஒருவர் மட்டும் கரை சேர்ந்தார். 'கயாமத்-எ-சுக்ரா', சின்ன ஊழிக்காலம், என்று ஒரு கவிதை எழுதினார். இன்றைக்கும் பழைய நகரத்தில் அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் பெயர் வராமல் இருக்காது.

அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதில் ஏறி 150 பேர் வரை தப்பினார்கள் என்று சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் பிறகு உஸ்மானியா ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். மரத்தை வெட்டவில்லை. ஒவ்வொரு செப்டம்பர் 28 அன்றும் கொஞ்சம் பேர் அதன் கீழே கூடி நின்று இறந்தவர்களை நினைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டார், சமையல் நடந்தது. ஆற்றுக்குப் பட்டுப்புடவையும் மங்கலப் பொருட்களும் கொடுத்துத் தணியச் சொல்லி வேண்டினார் என்று சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ஒரு முஸ்லிம் அரசரைப் பற்றி ஊர் அப்படி நினைவு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நிவாரண வேலையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் இந்த ஊர்ப் பெண்ணான சரோஜினி நாயுடு.

அழுது முடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. பம்பாய் அரசு வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் சுற்றிக்கொண்டிருந்த விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார்கள். 1909 ஏப்ரலில் வந்தார். சில மாதம்தான் இருந்தார், அந்த வருஷ நவம்பரில் மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார். அந்தச் சில மாதத்தில் அவர் கொடுத்த யோசனை, கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கும். ஊருக்கு மேலே மூசியில் ஒரு அணை, ஈசியில் ஒரு அணை. வெள்ளம் வந்தால் அங்கே பிடித்து வைத்துக்கொண்டு, ஊர் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவது. ஊருக்குள் கரையை உயர்த்துவது, கரையோரம் தோட்டம் போடுவது, சாக்கடையைத் தனியாகக் குழாயில் கொண்டுபோவது.

1920 இல் உஸ்மான் சாகர் முடிந்தது. நாம் கண்டிப்பேட்டை என்று பிக்னிக் போகிறோமே, அதுதான். 1927 இல் ஹிமாயத் சாகர். 1912 இல் ஏழாவது நிஜாம் நகர மேம்பாட்டு வாரியம் அமைத்தார். வெள்ளம் அடித்துக்கொண்டு போன அதே கரையில் உயர் நீதிமன்றம், சிட்டி காலேஜ், உஸ்மானியா ஆஸ்பத்திரி என்று வரிசையாக எழுப்பினார்கள். எல்லாமே ஆற்றைப் பார்த்து நிற்கிற கட்டடங்கள். நயா புல் மேல் நின்று கொஞ்ச நேரம் மூக்கை மறந்துவிட்டுப் பாருங்கள், எப்படிப்பட்ட ஊராக இருந்திருக்கும் என்று தெரியும்.

இந்த இரண்டு அணைகளைப் பற்றி ஒரு வங்கிக்காரன் கண்ணோடு சொல்கிறேன். வெள்ளத் தடுப்பு அணை வேலை செய்வது அதில் இருக்கிற தண்ணீரால் கிடையாது, இல்லாத தண்ணீரால். மழைக்காலத்தில் அதில் இடம் காலியாக இருக்க வேண்டும். நாங்கள் வாங்குகிற டெபாசிட்டில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியில் போட்டு வைக்கிறோம். வட்டி கிடையாது, கடன் கொடுக்கவும் முடியாது. 'சும்மா கிடக்கிறதே' என்று ஒவ்வொரு வங்கித் தலைவருக்கும் வயிறு எரியும். அணையின் காலி இடமும் அப்படித்தான், சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும்.

அதே அணையிலிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீரும் போயிற்று. குடிதண்ணீர்க்காரருக்கு அணை நிரம்பி இருக்க வேண்டும், வெள்ளத்தடுப்புக்காரருக்குக் காலியாக இருக்க வேண்டும். இந்த இழுபறி எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் பார்த்தார்கள். ஏரி ஏறக்குறைய நிறைந்திருந்த நேரத்தில் பெருமழை, அடையாற்றில் திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி.

ஹைதராபாத்தில் இந்த இழுபறி வேறு விதமாகத் தீர்ந்தது. ஊர் பெருத்துவிட்டது, இரண்டு ஏரியும் பற்றவில்லை. 1965 இல் மஞ்சிராத் தண்ணீர், 2004 இல் கிருஷ்ணா, 2015 இல் கோதாவரி. கிருஷ்ணாவும் கோதாவரியும் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில் வருகின்றன. "கண்டிப்பேட்டைத் தண்ணீர் குடித்தவன் இந்த ஊரைவிட்டுப் போகமாட்டான்" என்று பழைய ஹைதராபாத்காரர்கள் சொல்வார்கள். நம்மில் பெரும்பாலோர் குடிப்பது கிருஷ்ணா தண்ணீர். அப்படியும் யாரும் ஊர் திரும்பியதாகத் தெரியவில்லை.

குடிக்கிற தண்ணீர் வேறெங்கோ இருந்து வந்தால் சொந்த ஆற்றைப் பார்க்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. நல்கொண்டா மாவட்டம் நாகார்ஜுன சாகரிலிருந்து தண்ணீரை எடுத்து வருகிறோம். அது குளியலறை, சமையலறை எல்லாம் சுற்றிவிட்டு மூசி வழியாகத் திரும்ப அதே மாவட்டத்துக்குப் போய், வாடப்பள்ளியில் கிருஷ்ணாவில் கலக்கிறது. வழியில் இருக்கிற விவசாயிகள் அந்தத் தண்ணீரில்தான் நெல் போடுகிறார்கள். வாங்கியதை எந்த நிலையில் திருப்பிக் கொடுக்கிறோம் பாருங்கள். எங்கள் வங்கியில் யாராவது இப்படிச் செய்தால் வாராக்கடன் என்று எழுதிவிடுவோம்.

ஏரிகளுக்கு மேலே இருக்கிற நிலத்தைக் காப்பாற்ற 1996 இல் அரசாணை 111 வந்தது. இரண்டு ஏரிகளையும் சுற்றி 10 கிலோமீட்டர், 84 கிராமங்கள், 1.32 லட்சம் ஏக்கர், இங்கே பெரிய கட்டடம் கூடாது என்று. கால் நூற்றாண்டு ஓரளவுக்கு நின்ற அணை அது, காகிதத்தில் கட்டிய அணை. 2022 இல் அரசாணை 69 அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கண்டிப்பேட்டைக்குப் பக்கத்துக் கோகாப்பேட்டில் ஒரு ஏக்கர் 100 கோடிக்கு மேல் ஏலம் போயிற்று.

ஆறு சும்மா இருக்கவில்லை. 2000 ஆகஸ்டில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் மழை. 2020 ஜூலையில் உஸ்மானியா ஆஸ்பத்திரி வார்டுகளுக்குள் மழைத்தண்ணீரும் சாக்கடையும் புகுந்து, பழைய கட்டடத்தைக் காலி செய்தார்கள். புளியமரம் நிற்கிற அதே வளாகம். அந்த அக்டோபரில் பெருமழை, பாலாப்பூர் பக்கம் குர்ரம் செருவு உடைந்தது. 1908 மாதிரியே மறுபடி குளம்தான்.

2025 செப்டம்பர் 26 ராத்திரி இரண்டு ஏரியின் கதவுகளையும் திறந்தார்கள். இம்லிபன்னில் ஆற்றுக்கு நடுவில் கட்டியிருக்கிற மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் வந்து, பயணிகளை மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தசரா லீவுக்கு ஊருக்குப் போகிற கூட்டம். (இம்லிபன் என்றால் புளியந்தோப்பு. அங்கேயும் ஒரு காலத்தில் ஏறித் தப்ப மரம் இருந்திருக்கும்.) அன்றைக்குத் திறந்துவிட்டது விநாடிக்கு 30 ஆயிரம் கன அடிக்குக் கொஞ்சம் மேல். 1908 இல் போனதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அணை இருப்பதால் பத்தில் ஒரு பங்கு, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பேருந்து நிலையம் இருப்பதால் அதுவே வெள்ளம்.

சாதர்காட், மூசாநகர் பக்கம் ஆற்றுக்குள்ளேயே குடியிருந்தவர்களின் நிலைமை தனி. 2024 இல் அந்த வீடுகளின் சுவரில் சிவப்பு மையால் அடையாளம் எழுதி, இடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் ஆற்றுக்குள் வந்தது ஆசைப்பட்டு அல்ல. ஆட்டோ ஓட்டுகிறவரும் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில், அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே நிலம் அதுதான். எங்கோ தொலைவில் இரண்டு படுக்கையறை வீடு கொடுத்தால் வேலைக்கு எப்படி வருவது என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்து நேரான பதில் வரவில்லை. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. முதலில் யார் நகர வேண்டும் என்று பார்த்தால் எப்போதும் ஒரே ஆட்கள்தான் நகர்கிறார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரும் பெரிய யோக்கியம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வந்தது. குறுக்குத்துறை முருகன் வழக்கம் போல மூழ்கினார். அன்றைக்கு அப்பா போனில் சொன்னது, "தண்ணி தொண்ணூத்திரெண்டுல வந்த இடத்துக்குத்தாம்ல வந்திருக்கு. அங்கன புதுசா வீடு கட்டுனவங்களுக்குத்தான் அது வெள்ளம்."

போன வருஷம் ஒரு வீட்டுக் கடன் கோப்பு என் மேஜைக்கு வந்தது. கும்பகோணத்துப் பையன், ஈரோட்டுப் பெண், இரண்டு பேருக்கும் ஐடி வேலை, சம்பளம் கேட்டால் எனக்கே பொறாமை. நார்சிங்கியில் ஃபிளாட், பால்கனியிலிருந்து பச்சைப்பசேல் என்று பள்ளத்தாக்கு தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். முப்பது வருஷ வில்லங்கச் சான்று சுத்தம். வக்கீல் கருத்து சுத்தம். அனுமதி சுத்தம். உஸ்மான் சாகர் கதவைத் திறந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்கிற கட்டம் எங்கள் விண்ணப்பத்தில் கிடையாது. நானாகத்தான் கேட்டேன், "தம்பி, அந்தப் பச்சைப் பள்ளத்தாக்கு என்ன தெரியுமா?"

தெரியவில்லை. கிராம வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், கதவு திறக்கிற அன்றைக்கு ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள் என்று சொன்னேன். மேலதிகாரி கேட்டிருந்தால் திட்டியிருப்பார், கடன் இலக்கு அவருக்கு. செப்டம்பரில் போய் நின்று பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அந்தப் பெண் போன் செய்து, "சார், பார்க்கிங் வாசல் வரைக்கும் சத்தம் கேக்குது, வேண்டாம் சார்" என்றாள். முன்பணத்தில் ஒரு பகுதி போயிற்று. இப்போது மியாப்பூர் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அந்த ஃபிளாட் இரண்டு மாதத்துக்குள் வேறு யாருக்கோ விற்றுவிட்டது. கடன் வேறொரு வங்கியில்.